மனப்பாடம் தாங்காத தேர்வு

நம் நாட்டில் பல் மருத்துவப் பட்டப்படிப்பிற்கு நீட் மதிப்பெண்ணே வழிவகுக்கிறது. நேர்முகத் தேர்வு இல்லை. இங்கிலாந்திலோ மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்விலும் தேற வேண்டும். அங்குப் பல கல்லூரிகள் கையாளும் முறை, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதுபற்றிய ஆய்வு 2004-ஆம் ஆண்டு வெளிவந்தது. மாணவர் ஒரே குழுவின் முன் அமர்வதில்லை. சில நிமிடங்களுக்கொரு முறை அடுத்த தேர்வாளரிடம் செல்கின்றார். ஆங்கே புதிய வினா. ஓரிடத்தில் சறுக்கியவர் மற்றோரிடத்தில் எழலாம்.

ஓரிடத்தில் நடிகர் ஒருவர், பல் பிடுங்க அஞ்சும் நோயாளியாக அமர்ந்திருக்கக்கூடும். ஆங்கே ஒப்பித்த ஆறுதல் உதவாது. "எதற்கு அஞ்சுகிறீர்கள்?" என வினவிப் பொறுமையாய்ச் செவிமடுத்தலே உதவும்.

பிள்ளையை அங்கு அனுப்ப விழையும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: பல் மருத்துவர் ஒருவரின் இசைவு பெற்று, அவர்தம் பணியைப் பிள்ளை அருகிருந்து காணட்டும், கண்டதை அன்றன்றே குறித்து வைக்கட்டும். மாலையில் நீங்கள் "ஏன் அப்படிச் செய்தார்?" என்று கேளுங்கள். காணாததைக் கண்டதாகச் சொல்ல மட்டும் பழக்காதீர்கள். இவ்வாண்டு கிட்டாத இடத்திற்கு மறு ஆண்டு முயலலாம். வாய்மை இழந்தவர் முன் எவர் நம்பி வாய் திறப்பார்?