வைபை குறி முழுமையாக உள்ளது. இணையம் ஏன் கிடைக்கவில்லை?



வலையமைப்பு என்ற பாடப்பகுதியை உங்களிற் பலர் வரைவிலக்கணங்களாகவே மனனம் செய்கிறீர்கள். ஆனால் அப்பகுதிக்குரிய நல்லதொரு செய்முறை உங்கள் வீட்டிலேயே உள்ளது. பரீட்சை நெருங்கும் ஓர் இரவில் கடந்தகால வினாத்தாள் ஒன்றைத் தரவிறக்க முயல்கிறீர்கள். கைத்தொலைபேசியில் வைபை குறி முழுமையாக உள்ளது. பக்கமோ திறக்கவில்லை. காரணம் யாது?

அடிப்படை விளக்கம்

தரவுகள் இரு பாதைகளைக் கடக்கின்றன.

பாதை 1: தொலைபேசியிலிருந்து றவுட்டர் வரை. ஊடகம் வானொலி அலை.

பாதை 2: றவுட்டரிலிருந்து இணையச் சேவை வழங்குநர் வரை. ஊடகம் ஒளியியல் நார், செப்பு வடம் அல்லது 4ஜி அலை.

வைபை குறி காட்டுவது பாதை 1 இன் சமிக்ஞை வலிமையை மட்டுமே. எனவே குறி முழுமையாக இருப்பது இணையம் உண்டு என்பதற்குச் சான்றாகாது. இதனை நன்கு நினைவிற் கொள்ளுங்கள்.

குறையைக் கண்டறியும் படிமுறை

1. அதே வைபையில் வேறொரு கருவியை இணைத்துப் பாருங்கள். அதில் இணையம் கிடைத்தால் குறை பெரும்பாலும் உங்கள் தொலைபேசியில் உள்ளது. எதிலும் கிடைக்காவிடின் படி 4 இற்குச் செல்லுங்கள்.

2. தொலைபேசியில் வைபையை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். பயனில்லையெனின் சேமித்த வலையமைப்பை நீக்கிக் கடவுச்சொல்லைப் புதிதாக இடுங்கள். திகதி, நேரம் என்பவற்றையும் சரிபாருங்கள். அவை பிழையாயின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகக் கருதப்பட்டுப் பல தளங்கள் திறக்கமாட்டா.

3. இணையம் கிடைத்தும் வேகம் குறைவாயின் இடத்தைக் கவனியுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனுடைய அலை சுவர்களைக் கடந்து கூடிய தூரம் செல்லும். ஆனால் நுண்ணலை அடுப்பு அதற்கு இடையூறு செய்யும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, தூரம் குறைவு. றவுட்டர் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்தால் இடம் மாற்றுங்கள்.

4. றவுட்டரின் மின்னை நிறுத்தி, அரை நிமிடத்தின் பின் மீண்டும் வழங்குங்கள். ஒளியியல் நார் இணைப்பில் எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிச் சமிக்ஞை வரவில்லை என்பது பொருள். வழங்குநருக்கு அறிவியுங்கள். 4ஜி றவுட்டராயின் தரவுப் பொதி முடிந்துவிட்டதா எனப் பாருங்கள்.

கவனிக்க

மின்னை நிறுத்தி இயக்குவது வேறு. றவுட்டரின் சிறு துவாரத்தினுள் ஊசியால் அழுத்துவது வேறு. பின்னையது எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும். என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் பரீட்சைக் காலத்தில் அவ்வாறு அழுத்தினார். பொதி முடிந்ததே உண்மையான குறை. ஆனால் அழிந்த அமைப்புகளை மீள இடத் தெரியாமல் இரண்டு நாட்கள் வீட்டில் எவருக்கும் இணையம் இருக்கவில்லை. குறை எப்பாதையில் என அறியமுன் எதனையும் அழிக்காதீர்கள்.

மாதிரி வினா

ஒரு வீட்டின் மூன்று தொலைபேசிகளிலும் வைபை குறி முழுமையாக உள்ளது. எதிலும் இணையம் இல்லை. குறை எங்கு இருக்கலாம்? காரணம் தருக.

விடை: பாதை 2 இல் அல்லது றவுட்டரில். மூன்று தொலைபேசிகளும் ஒரே வேளையில் பழுதடைதல் அரிது. குறி முழுமையாக இருப்பதால் பாதை 1 இன் சமிக்ஞையும் வலிமையாக உள்ளது.