கேதம் சொன்னவர்களின் கேதம்



ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் காலனிகளிலிருந்து வேன் பிடித்துப் பரமக்குடிக்குப் போகிறோம். 1957இல் படுகொலை செய்யப்பட்ட இம்மானுவேல் சேகரனுக்கு அஞ்சலி செலுத்தித் திரும்புகிறோம். சரியாக ஒரு வாரம் கழித்து செப்டம்பர் 18 வருகிறது. 1945இல் அந்த நாளில்தான் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் மறைந்தார். அந்த நாளில் நம் தெருக்களில் பெரும்பாலும் ஒரு படம்கூட வைப்பதில்லை. ஒரு சாவுக்குத் திரளும் நாம் இன்னொரு சாவை ஏன் கடந்துபோகிறோம் என்பதைச் சிந்திக்கவே இந்த நினைவுரை.

முதலில் துக்கம் என்பது நம் ஊரில் என்னவாக இருந்தது என்று பார்ப்போம். ஆதிக்கச் சாதி வீட்டில் சாவு விழுந்தால் ஊர் ஊராக நடந்து கேதம் சொல்வது, தப்பு அடிப்பது, குழி வெட்டுவது, விறகு அடுக்குவது எல்லாம் நம்முடைய வேலை. பள்ளர், பறையர், அருந்ததியர் என்று சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் இந்த முறை மாறும். கட்டாயம் மட்டும் மாறாது. அடுத்தவர் வீட்டுச் சாவை நாம் சுமந்தோம். நம் வீட்டுக் கேதம் கேட்க அவர்கள் படியேறியதில்லை. ஆகவே துக்கமும் சாதியின் ஒரு நிறுவனமாகவே இயங்கியது.

காலனிய காலத்தில் பரவிய இரங்கல் கூட்டம் இதற்கு மாறான ஒரு வடிவம். ஒருவர் தீர்மானத்தை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காப்பார்கள். தீர்மானத்தின் நகல் குடும்பத்துக்கும் பத்திரிகைக்கும் போகும். பார்ப்பதற்கு வெறும் சடங்கு. ஆனால் அடுத்தவர் சாவைச் சொல்ல மட்டுமே அனுமதிக்கப்பட்ட வாய், “இவர் எங்கள் தலைவர், இன்ன வேலை செய்தார், இது எங்கள் இழப்பு” என்று தன் பெயரில் பேசும்போது அந்தச் சடங்கு அரசியலாகிவிடுகிறது.

அப்படியானால் சீனிவாசனுக்கு நாம் ஏன் அப்படிப் பேசுவதில்லை? மூன்று காரணங்கள் தெரிகின்றன.

ஒன்று, அவர் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் பெற்றவர். விடுதலைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மறைந்தார். 1943இல் மறைந்த எம்.சி. ராஜாவும் அப்படியே. சிறை சென்றோரைக் கொண்டாடிய தேசிய வரலாறு, வெள்ளையரிடம் மனுக் கொடுத்தோரைச் சந்தேகத்தோடு பார்த்தது. உள்ளூர்க் கதவெல்லாம் அடைத்திருந்தபோது மனு ஒன்றே திறந்த வாசல் என்பதை அது சொல்லவில்லை. ‘பறையன்’ இதழை 1893இல் தொடங்கிய சீனிவாசன், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரம் முழுக்க மேல்சாதியிடம் குவியும் என்று வாதிட்டு, 3,412 கையெழுத்துகளோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பச் செய்தார். அந்தக் காலத்தில் அத்தனை கையெழுத்து என்பது சாதாரணக் காரியமா?

இரண்டு, அவர் ரத்தம் சிந்தி மறையவில்லை. வெட்டுப்பட்ட உடல் ஊரைத் திரட்டுகிறது. சட்டசபையில் வாதாடி முதுமையில் ஓய்ந்த உடல் திரட்டுவதில்லை.

மூன்றாவது நமக்குக் கசப்பானது. இம்மானுவேல் தேவேந்திரர், சீனிவாசன் பறையர் என்று நாமே பிரித்துவைத்திருக்கிறோம். நம்மை ஒதுக்கிய துக்கத்தின் எல்லைக்கோட்டை உட்சாதிக்குள் நாமே மறுபடி வரைகிறோம். ஆனால் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1920களில் அவர் சட்டசபையில் வாதாடியது யாருக்காக? வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்ததும், 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் ஒரு சாதிக்காக மட்டுமா?

இரங்கல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1956 டிசம்பரைப் பாருங்கள். 6ஆம் தேதி அம்பேத்கர் மறைந்ததும் மக்களவையில் நேரு புகழஞ்சலி செலுத்தினார், அவை ஒத்திவைக்கப்பட்டது. இந்துச் சட்ட மசோதா முடங்கியதால் 1951இல் நேரு அமைச்சரவையிலிருந்து அம்பேத்கர் விலகியிருந்தார். மறுநாள் பம்பாய் தாதர் கடற்கரையில் சிதையருகே திரண்ட மக்கள் ஆயிரமாயிரமாகப் பௌத்தம் தழுவினார்கள். டெல்லியில் இரங்கல் பேச்சாக முடிந்தது, தாதரில் உறுதிமொழியானது.

எனவே எந்த அஞ்சலியைக் கேட்டாலும் மூன்று கேள்விகள் கேட்போம். மறைந்தவர் செய்த வேலையைப் பெயர் சொல்லிச் சொன்னார்களா? அதைத் தடுத்தவர் யார் என்று சொன்னார்களா? மிச்ச வேலையை யார் ஏற்றார்கள்?

மிச்ச வேலை இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், மயானத்துக்குப் போகும் வழி அடைபட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சீனிவாசன் கேட்ட பொதுவழி, நூறாண்டு நெருங்கியும் பிணத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த செப்டம்பர் 18 அன்று ஒவ்வொரு காலனியிலும், உட்சாதி பாராமல், ஒரு கூட்டம் கூட்டுவோம். மாலை போட்டதும் கலைய வேண்டாம். நம் ஊராட்சிகளில் மயானப் பாதை எங்கே இல்லை, எங்கே ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது என்று பட்டியல் எடுத்து, தீர்மானமாக்கி, ஆட்சியருக்கு மனுவாக அனுப்புவோம். கேதம் கேட்க வருகிறவர்கள் அதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும்.