லாரி ஓட்டுநரின் தூக்கத்துக்கும் சட்டம் உண்டு, தெரியுமா?

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் அளவுக்குத் தடுமாறும், தெரியுமா? அடிலெய்டு ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு இது. ஆஸ்திரேலியாவில் சாதாரணக் கார் ஓட்டுநருக்கான மது வரம்பும் அதே 0.05தான்!

அந்த நாட்டுச் சாலைகளில் 53.5 மீட்டர் நீளம் வரையிலான 'ரோடு டிரெயின்' லாரிகள் ஓடுகின்றன. 100 கி.மீ. வேகத்தில் போகும்போது ஓட்டுநர் நான்கே விநாடி கண்ணயர்ந்தால், வண்டி 111 மீட்டர் பாய்ந்திருக்கும். பிடிக்க ஆளில்லாத ஸ்டியரிங்கோடு!

அதனால்தான் 2014 பிப்ரவரியில் அமலுக்கு வந்த கனரக வாகனச் சட்டம், 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் ஓட்டுநர்களுக்கு ஓய்வைக் கட்டாயமாக்கியது. தனியாக ஓட்டுபவர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நிறுத்திய வண்டியில் அல்லது வண்டிக்கு வெளியே தொடர்ச்சியாக 7 மணி நேர ஓய்வும் வேண்டும். சரக்கு ஏற்றுவது, இறக்குவது, டீசல் பிடிப்பது, வண்டியைக் கழுவுவது எல்லாமே வேலைக் கணக்கில் சேரும். எவ்வளவு நியாயம்!

இதைவிட வியப்பு, சட்டம் வளைந்து கொடுக்கும் விதம்! சோர்வைக் கையாளப் பயிற்சியும் முறையான ஏற்பாடும் உண்டென்று நிரூபித்து அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் 14 மணி நேரம் வரை வேலை செய்யலாம். சலுகை சும்மா கிடைக்காது. நள்ளிரவு முதல் காலை 6 வரை செய்யும் வேலையும், ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டிச் செய்யும் வேலையும் சேர்ந்து வாரத்துக்கு 36 மணி நேரத்தை மீறக்கூடாது. நள்ளிரவுக்குப் பிந்தைய அந்த நேரம்தானே உடல் தூக்கத்துக்கு ஏங்கும் வேளை! அதற்கும் மேலே ஒரு படி உண்டு. அங்கே நிறுவனமே தன் வேலைக்கு ஏற்ற நேர அட்டவணையை வகுத்து ஒப்புதல் கேட்கலாம். ஓரிடத்தில் வேலை நேரத்தைக் கூட்டினால், அதனால் வரும் ஆபத்தை வேறிடத்தில் கூடுதல் ஓய்வு தந்து ஈடுகட்ட வேண்டும். கடிகாரத்தை மட்டும் பார்க்காமல் மனிதனின் உடம்பையும் பார்க்கும் இந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நேரம் மிச்சமிருந்தாலும் சோர்ந்துபோனவர் ஓட்டினால் குற்றம்! பொறுப்பு அவர் தலையில் மட்டுமா விழும்? இல்லவே இல்லை. முடியாத நேரக்கெடு வைத்த முதலாளி, அட்டவணை போட்டவர், சரக்கை அனுப்பியவர் என எல்லோரும் பதில் சொல்ல வேண்டும்.