தாத்தா காலத்து ஜீப்புக்கு வின்ச் மாட்டப் போறீங்களா? சேசிஸில் துளை போடும் முன் இதைப் படிச்சிடுங்க!

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஶ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலை முழுக்கப் புது வண்டிகளின் ராஜ்ஜியம்தான். ஆனால், இந்த ஆலைகளை நம்பி வளர்ந்த லேத், வெல்டிங், தகடு வெட்டும் பட்டறைகளால் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் லாபம் உண்டு. அளவு கொடுத்தால் எந்த பிளேட்டையும் செய்து வாங்கிவிடலாம்.

அந்தத் தைரியத்தில்தான் பலருக்கு வின்ச் ஆசை வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கரைப் பாதைகள் சேறாகும்போது, வண்டியை மீட்க அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால், வண்டி, ஆர்.சி., ஆள் மூன்றும் பத்திரமாக இருக்கும்படி பொருத்துவதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

வின்ச் என்றால் என்ன?

கிணற்றில் ராட்டினம் பார்த்திருப்பீர்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலைதான். வண்டியின் முன்பக்கம் ஓர் உருளை, அதில் சுற்றிய ரோப், அதைச் சுழற்ற ஒரு மோட்டார். ரோப்பின் கொக்கியை உறுதியான மரத்தில் மாட்டிவிட்டு மோட்டாரை இயக்கினால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும்.

ஆரம்ப கால ஜீப்புகளில் கியர்பாக்ஸிலிருந்து சக்தி எடுத்து ஓடும் வின்ச்கள்தான் இருந்தன. எலெக்ட்ரிக் வின்ச்சைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் வார்ன் நிறுவனம். 1948-ல் வில்லிஸ் ஜீப்புகளுக்கான ஹப் தயாரித்துத் தொழில் தொடங்கியவர்கள், 1959-ல் எலெக்ட்ரிக் வின்ச்சுக்கு வந்தார்கள்.

பெருசா வாங்கினால் நல்லதா?

இல்லை. கணக்கு ரொம்ப எளிது. ஆட்கள், சாமான்கள் எல்லாம் ஏறிய பிறகு வண்டியின் மொத்த எடை என்னவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் தேவை. காலி வண்டியின் எடை ஆர்.சி.யிலேயே இருக்கும்.

1940-களின் இறுதியில் மும்பையில் மஹிந்திரா அசெம்பிள் செய்யத் தொடங்கிய வில்லிஸ் வகை ஜீப்பை எடுத்துக்கொள்வோம். காலியாக ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஆட்களோடு 1,600 கிலோ என்று வைத்தால், ஒன்றரை மடங்கு 2,400 கிலோ. வின்ச் பெட்டியில் பவுண்டு கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். இது சுமார் 5,300 பவுண்டு.

ஆக, 6,000 பவுண்டு போதுமா? பெட்டியில் போட்டிருக்கும் எண், உருளையின் அடிச்சுற்றில் ரோப் இருக்கும்போது கிடைக்கும் இழுவை. மேல் சுற்றுகளுக்குப் போகப் போக அது குறையும். அதனால் 8,000 பவுண்டு (சுமார் 3,600 கிலோ) வாங்கினால் நிம்மதி. 12,000 பவுண்டு வேண்டாம். அதன் எடை முன் பட்டை ஸ்பிரிங்கை அழுத்தும். முழு பலத்தில் இழுத்தால், வின்ச்சுக்கு முன்னால் பழைய சேசிஸ் விட்டுக்கொடுத்துவிடும்.

கூடுதல் பலம் வேண்டுமா? ஒரு கப்பி வாங்குங்கள். ரோப்பை மரத்தில் கட்டிய கப்பி வழியாகத் திருப்பி வண்டியிலேயே மாட்டினால், இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும்.

பேட்டரி தாங்குமா?

முழுச் சுமையில் எலெக்ட்ரிக் வின்ச் 400 ஆம்பியர் வரைகூட உறிஞ்சும். 60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் எடுப்பது 5 ஆம்பியர். அதாவது, 80 பல்புகளை ஒரே நேரத்தில் எரிய விடுவதற்குச் சமம்!

பழைய ஜீப்புகள் பலவற்றில் டைனமோதான். ஆரம்ப கால வண்டிகளில் மின்சாரமே 6 வோல்ட். கடையில் கிடைக்கும் வின்ச்களோ 12 அல்லது 24 வோல்ட். முதலில் உங்கள் வண்டி எத்தனை வோல்ட் என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். நல்ல பேட்டரி, ஆல்டர்நேட்டர், தடிமனான கேபிள், அவசரத்துக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவற்றின் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இடையிடையே நிறுத்தி மோட்டாரை ஆறவிடுங்கள்.

எங்கே மாட்டுவது?

பம்பரில் மட்டும் மாட்டாதீர்கள், பிய்ந்துகொண்டு வந்துவிடும். இரண்டு பக்க சேசிஸ் சட்டங்களோடும் இணையும் கனமான ஸ்டீல் பிளேட்டில்தான் வின்ச் உட்கார வேண்டும். அதற்கு முன் சேசிஸின் முன்முனையைச் சுரண்டி, துரு எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்று பாருங்கள்.

ஏற்கெனவே இருக்கும் பம்பர் துளைகளிலேயே பிளேட்டைப் பொருத்தும்படி அளவெடுக்கச் சொல்லுங்கள். புதுத் துளையோ வெல்டிங்கோ வேண்டாம். நட்டு போல்ட்டில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். ரேடியேட்டரை மறைத்துவிட்டால், சென்னை வெயிலில் இன்ஜின் கொதித்துவிடும், ஜாக்கிரதை!

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்னால் துருத்தும் புல் பார்களுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. வின்ச் என்ற பெயர் 52-வது பிரிவில் இல்லை. ஆனாலும், பொருத்தும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது.

50 வயதைத் தாண்டிய வண்டிக்கு இன்னொரு சிக்கல். 2021-ல் வந்த விதியின்படி, அதை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்து 'வி.ஏ.' வரிசை எண் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். ஆனால், வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. வின்ச்சுக்காக சேசிஸை வெட்டினால், அந்தத் தகுதியே கேள்விக்குறியாகிவிடும். தாத்தா 50 வருடம் காப்பாற்றியதை ஒரே மதியத்தில் தொலைக்கலாமா?

அப்படிப்பட்ட வண்டிக்கு, கையால் இயக்கும் வின்ச்தான் என் சாய்ஸ். பின்னால் சாமானோடு சாமானாகக் கிடக்கும். லிவரை முன்னும் பின்னும் அசைத்தால் மெதுவாக இழுக்கும். தோள் வலிக்கும், உண்மைதான். ஆனால், பேட்டரி வேண்டாம். வண்டியில் ஒரு துளைகூட வேண்டாம்.

ரோப் விஷயத்தில் விளையாட வேண்டாம்!

இழுவிசையில் இருக்கும் ஸ்டீல் ரோப் அறுந்தால் சாட்டையாக வீசும், உயிரையே எடுத்துவிடும். சிந்தெடிக் ரோப் எடை குறைவு, அறுந்தாலும் வீச்சு குறைவு. ஆனால், கல்லில் உரசினாலோ வெயிலில் கிடந்தாலோ சீக்கிரம் நைந்துவிடும். எதுவானாலும் இந்த ஐந்தும் கட்டாயம்:

* கையில் தோல் கிளவுஸ் போடுங்கள்.
* ரோப்பின் நடுவில் ஈரச் சாக்கையோ கனமான போர்வையையோ போடுங்கள்.
* மரத்தில் ரோப்பை நேரடியாகச் சுற்றாமல், அகலமான பட்டையைப் பயன்படுத்துங்கள்.
* ஸ்டீல் ரோப் என்றால் உருளையில் 5 சுற்றாவது மீதம் இருக்கட்டும். சிந்தெடிக்கில் இன்னும் அதிகம் தேவை.
* இழுக்கும்போது ரோப்பை யாரும் தாண்டக் கூடாது. வேடிக்கை பார்ப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், ரோப்பின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி நிற்கட்டும்.

இந்த மழைக்காலத்துக்குள் மாட்டிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். முதல் வேலையாக ஆர்.சி.யை எடுத்து எடையைப் பாருங்கள். அடுத்து சேசிஸின் துருவைப் பாருங்கள். கடைக்குப் போவதெல்லாம் அதன் பிறகுதான்.