கூடப் போகிறவர் கவனத்துக்கு

ஒன்பதாம் மாதம் பிறந்ததுமே பல வீடுகளில் ஒரு பை தயாராகிவிடும். பழைய வேட்டித் துணி, இரண்டு நைட்டி, பிளாஸ்க், கொஞ்சம் சில்லறை. அதைக் கட்டிவைப்பவர் பெரும்பாலும் பெண்ணின் அம்மா. மருத்துவமனைக்குக் கூடப் போகப்போவதும் அவர்தான். அதனால் இதை அவரிடமே சொல்கிறேன். வலியில் துடிப்பவளால் சட்டம் பேச முடியாது. அவளுக்காகக் கேட்க ஒரு வாய் வேண்டும். அந்த வாய்க்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

துணிமணிக்கு முன்னால் காகிதங்களை எடுத்து வையுங்கள், அம்மா. தாய் சேய் நல அட்டை, கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த பிக்மி எண், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், அவள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம். நள்ளிரவில் பணியில் இருக்கும் மருத்துவர் அவளை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பார். ரத்த வகை என்ன, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் எப்போது ஏறியது என்பதையெல்லாம் அந்தச் சீட்டுகள்தான் அவருக்குச் சொல்லும். பனிக்குடம் உடைந்தாலோ, வலி விட்டுவிட்டு வந்து நெருங்கினாலோ 108.

அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் செலவில்லை. 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, ரத்தம், பரிசோதனை எல்லாமே இலவசம். சுகப்பிரசவம் என்றால் மூன்று நாளும் சிசேரியன் என்றால் ஏழு நாளும் சாப்பாடு உண்டு. வீடு திரும்ப வண்டியும் உண்டு. வெளியே வாங்கி வரச் சொல்லி மருந்துச் சீட்டு நீட்டினால், "இங்கே இல்லையா சிஸ்டர்?" என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டதும் பல நேரம் உள்ளேயே கிடைத்துவிடும்.

எழுதாத கட்டணம் ஒன்று இருக்கிறது. பிள்ளை பிறந்த செய்தியோடு ஒரு கையும் நீண்டு வரும். ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதில் குறைவு. பிறந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் விலைப்பட்டியல்! வீல்சேர் தள்ளினால் தனி, துணி மாற்றினால் தனி. சந்தோஷத்தில் கொடுப்பதுதானே என்று தாத்தாக்கள் மடியை அவிழ்க்கிறார்கள். கேட்டு வாங்கினால் அது லஞ்சம். நீங்கள் கொடுத்த ஐந்நூறு, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கூலிக்காரப் பெண்ணுக்கு அன்றைய ரேட் ஆகிவிடும். கொடுக்காவிட்டால் பிள்ளையைக் காட்டமாட்டார்களோ, மகளைக் கவனிக்கமாட்டார்களோ என்ற பயமும் பொய்யில்லை. அந்த நேரத்தில் சண்டை வேண்டாம். ஆளின் பெயர், வார்டு, நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, ஆர்.எம்.ஓ. எனும் நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணிலும் முறையிடலாம்.

லேபர் வார்டுக்குள் பிரசவ அனுபவமுள்ள பெண் ஒருவர் துணையாக இருக்கலாம். தமிழக அரசு மருத்துவமனைகளில் வெகுநாளாக உள்ள ஏற்பாடு இது. 2016-இல் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் அனுமதித்தது. தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடை வேண்டும், சிகிச்சையில் தலையிடக்கூடாது. இவைதான் முக்கிய நிபந்தனைகள். "வெளியே நில்லும்மா" என்று சொன்னால், துணைக்கு இருக்க அனுமதி உண்டு என்பதைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

துணை இருக்கும் இடத்தில் வசவு குறைகிறது என்பது வார்டில் இருந்து வந்த பெண்கள் பலரும் சொல்வது. கத்தினால் தொடையில் அடிப்பதும், எழுதக் கூசும் கேள்விகளைக் கேட்பதும் வைத்தியத்தில் சேர்த்தி இல்லை. மேல்வயிற்றில் கையூன்றி அழுத்திப் பிள்ளையைத் தள்ளும் பழக்கமும் அப்படித்தான். அது கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் வழக்கமாக எனிமா கொடுப்பதும், பிறப்புறுப்பில் வெட்டுப்போட்டுத் தையலிடுவதும் தேவையில்லை என்றும் அதே ஆவணம் சொல்கிறது. தேவைப்படும்போது வெட்டுவது வேறு.

அடுத்து கையெழுத்து. பதினெட்டு வயது நிரம்பி, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் உடலுக்கு அவளுடைய கையெழுத்தே போதும். கணவர் வந்து சேரட்டும் என்று காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே நின்ற தாயாரிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆகவே அம்மா, உங்கள் கையெழுத்துக்கும் எல்லை உண்டு. கருத்தடைக்கான காப்பர்-டி விஷயத்தில் இது முக்கியம். நஞ்சுக்கொடி வெளியே வந்த கையோடு அதைப் பொருத்த முடியும் என்பதால், தெரியாமலே பொருத்திவிட்டார்கள் என்று பின்னால் வருந்தும் பெண்கள் இருக்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்று வலி வருமுன்பே அவளிடம் கேட்டு, செக்கப்பின்போதே சொல்லிவிடுவது நல்லது. பொருத்தியிருந்தாலும் அவள் விரும்பும்போது எடுத்துவிடலாம்.

சிசேரியன் என்றால் கத்திக்குப் பயந்து மறுப்பதும் தவறு, காரணம் கேட்காமல் தலையாட்டுவதும் தவறு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8. நாட்டுச் சராசரி 21.5. இத்தனையும் உயிர் காக்கத்தானா என்ற சந்தேகம் நியாயமானது. என்ன காரணம், காத்திருந்தால் என்ன ஆகும், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று கேளுங்கள். பிள்ளையின் இதயத்துடிப்பு விழுகிறது, உதிரம் கொட்டுகிறது என்று பதில் வந்தால் அதற்குமேல் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள்.

பிள்ளை பிறந்ததும் எல்லோர் கண்ணும் தொட்டில் பக்கம் போய்விடும். உங்கள் கண் மகள்மேல் இருக்கட்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் உதிரப்போக்கு உயிரைப் பறிக்கக்கூடியது. துணி சொதசொதவென்று நனைந்துகொண்டே இருந்தாலோ, முகம் வெளுத்து உடம்பு சில்லிட்டாலோ, "தலை சுத்துதும்மா" என்றாலோ உடனே சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். திட்டினால் திட்டட்டும். கடும் தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி ஆகியவை பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம் என்பதற்கான அறிகுறிகள். சுகப்பிரசவம்தானே என்று மறுநாளே வீட்டுக்கு அவசரப்படாமல், 48 மணி நேரமாவது இருக்க விடுங்கள்.

சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வேண்டாம், பாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும். தாய், பிள்ளை இருவர் கையிலும் அடையாளப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். "தடுப்பூசி போட்டுட்டு வரேன்" என்று அறிமுகமில்லாத யார் கேட்டாலும், பிள்ளையை நீங்களே தூக்கிக்கொண்டு உடன் போங்கள்.

தவறு நடந்துவிட்டால் கூச்சலைவிடக் காகிதம் உதவும். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. தனியார் மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு அந்த வழி பொருந்தாது. அங்கே மருத்துவ கவுன்சில், மாநில மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றம் என்று போகவேண்டும். மனு எதுவானாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பில் பாக்கி என்று சொல்லித் தாயையோ பிள்ளையையோ நிறுத்திவைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை.

கிளம்பும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டோடு பிறப்புப் பதிவு விவரத்தையும் படித்துப் பாருங்கள். மருத்துவமனையில் பிறந்தால் தகவல் தரவேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பெயர் இன்னும் வைக்கவில்லையே என்று தயங்க வேண்டாம், ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஆனால் அப்பா அம்மா பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். அந்த ஓர் எழுத்துக்காகப் பள்ளியில் சேர்க்கும் வருடம் தாலுகா ஆபீஸுக்கும் நகராட்சிக்கும் அலைந்தவர்களில் நானும் ஒருத்தி.