புகார் தள்ளுபடியானால் கதவு மூடிவிட்டதா?

வேலையிடத்தில் பாகுபாடு காட்டினார்கள் என்று புகார் செய்து, அது தள்ளுபடியானதும், "இனி என்ன செய்வது?" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுபவர்கள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் உண்டு. அங்கேதான் நாள்கள் கைநழுவுகின்றன.

ஓர் இலாகாவோ அமைச்சரோ எடுத்த முடிவை, மேல்முறையீட்டுக்குத் தனி வழி இல்லாதபோது, உயர்நீதிமன்றத்தின் சீராய்வுக்குக் கொண்டு செல்லலாம். முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். நீதிபதி புகாரை மறுபடியும் முதலிலிருந்து விசாரிப்பதில்லை. முடிவெடுத்தவர் சட்டப்படி நடந்தாரா, இரு தரப்பையும் கேட்டாரா என்று பார்ப்பார். முடிவின் நியாயத்தையும் பார்க்கலாம் என்று வழி திறந்தது, 1997இல் சட்ட ஏடுகளில் வெளியான ராமச்சந்திரன் வழக்கு. அதில் கூட்டரசு நீதிமன்றம் வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல், தானே இழப்பீடு வழங்கியது.

வேலைநீக்கம் என்றால் கணக்கு வேறு. 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் செய்ய வேண்டும். முன்பு அந்தப் புகாரைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அமைச்சர் கையில் இருந்தது. அவர் மறுத்தால் சீராய்வு. 2021 ஜனவரி முதல் அமைச்சருக்கு அந்த வேலை இல்லை. அதற்குப் பிறகு அனுப்பப்பட்ட வழக்குகளில், தீர்ப்பு பாதகமானால் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 14 நாள்தான். பழைய மூன்று மாதக் கணக்கை நம்பியிருந்தால் வாய்ப்புப் போய்விடும்.

யார் முதலாளி என்பதும் முக்கியம். கர்ப்பமானதால் 1991இல் வேலை இழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ், கூட்டரசு நீதிமன்றம் வரை போராடினார். கூட்டு ஒப்பந்தம் தனியார் விவகாரம், அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு அதைக் கட்டுப்படுத்தாது என்று 2005இல் சொல்லிவிட்டார்கள். கேட்கக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உலு லங்காட்டில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்து, கர்ப்பம் என்று தெரிந்ததும் அதை இழந்த நூர்ஃபடிலா, 2011இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் வென்றார். அங்கே எதிர்த் தரப்பு அரசாங்கம்!

தனியார் ஊழியருக்கு இப்போது இன்னொரு வாசல் உண்டு. 2023 ஜனவரி முதல், வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்படி, பாகுபாட்டுத் தகராற்றைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணையிடலாம். ஆணையை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். பாகுபாடு என்றால் என்ன என்று மட்டும் சட்டம் விளக்கவில்லை. அதனால் சம்பளச் சீட்டு, எச்சரிக்கைக் கடிதம், மேலாளர் அனுப்பிய குறுஞ்செய்தி எதையும் தூக்கிப் போடாமல், தள்ளுபடிக் கடிதம் கைக்கு வந்த தேதியையும் அதன் மேலேயே எழுதி வைப்பது நல்லது.