ஆஸ்துமாவும் அழற்சி தணிக்கும் மருந்தும்

மார்கழிப் பனி தொடங்கியதும் வகுப்பில் யாரேனும் ஒருத்திக்கு இரைப்பு வருவதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஹேலரை எடுத்து இழுப்பாள். சில நிமிடங்களில் மூச்சு சீராகும். நோய் போய்விட்டது என்று நாமும் எண்ணிவிடுவோம். உண்மையில் அது போகவில்லை.

ஆஸ்துமாவில் இரண்டு கேடுகள் நிகழ்கின்றன. மூச்சுக் குழல்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவது ஒன்று. குழலின் உட்சுவர் வீங்கிச் சளியைச் சுரப்பது மற்றொன்று. இதுவே அழற்சி எனப்படும். இரைப்பு இல்லாத நாட்களிலும் அது நீறு பூத்த நெருப்பாக இருக்கும். தூசி, புகை, சளிக்காய்ச்சல் ஏதேனும் வந்தால் மூண்டெழும்.

1969-இல் அறிமுகமான சால்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தணிக்காது. அழற்சியைத் தணிப்பவை ஸ்டிராய்டு மருந்துகள். இவ்வகையைச் சேர்ந்த கார்ட்டிசோன் தொடர்பான ஆராய்ச்சிக்காக ஹென்ச், கெண்டல், ரெய்க்ஸ்டீன் ஆகிய மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் ஸ்டிராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டவர்களுக்கு முகம் பருத்தது, எலும்பு நலிந்தது, சிறுவரின் வளர்ச்சி குன்றியது. 1972-இல் பிரிட்டனில் பெக்ளோமெத்தசோன் இன்ஹேலர் வந்தபின் நிலை மாறிற்று. மில்லிகிராம் கணக்கில் விழுங்கியதற்குப் பதிலாக, மைக்ரோகிராம் அளவு மருந்தை நேரே மூச்சுக் குழலுக்குள் செலுத்த முடிந்தது.

"ஸ்டிராய்டா? வேண்டவே வேண்டாம்" என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று. சிறுவயதில் நெடுநாள் பயன்படுத்துவோரின் உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையலாம். வாயில் பூஞ்சைப் புண் வரலாம். மருந்தை இழுத்தபின் வாய் கொப்பளித்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். தராசின் மறுதட்டில் இருப்பதோ உயிர்! கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து நோயாளிகளைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வு, குறைந்த அளவு ஸ்டிராய்டு இன்ஹேலரை ஒழுங்காகப் பயன்படுத்தியோரிடையே ஆஸ்துமா மரணம் குறைவு எனக் காட்டிற்று. பெரியவர்களும் 12 வயதைக் கடந்த சிறாரும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருத்தல் கூடாதென ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுக் குறிப்பும் 2019-இல் அறிவுறுத்தியது.

இவற்றுக்கும் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்கு, அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட பொருளை மட்டும் தடுக்கும் ஓமலிசுமாப், மெப்போலிசுமாப் முதலிய ஊசிமருந்துகள் இன்று உள்ளன.

தோழியரே, மழை வருமுன் கூரை வேய்பவரே அறிவாளர். அழற்சி தணிக்கும் மருந்து உடனே சுகம் தராது. அதனாலேயே பலர் பாதியில் விட்டுவிடுகின்றனர். மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தாதீர்கள். பிறர் முன் இன்ஹேலரை எடுக்க நாணவும் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி அணிவதுபோல, மூச்சுக்கு அது ஒரு துணையே ஆகும்.